சும்மா கிடந்த நீல வயர்

செப்டம்பர் 17

இது என் முதல் நாட்குறிப்பு. இந்த வரியை எழுதிவிட்டுப் போய் ஒரு தேநீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தேன். வரி அப்படியே இருந்தது. நான் எழுதியதுதான்.

என் பெயர் சன்னாசி. வயது எழுபத்து மூன்று. பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. நான் அதற்குள் போனது கூரைத் தகரம் தூக்கிக் கொடுக்க மட்டும்தான். இப்போது இருப்பது கனடாவில், டொரொண்டோவுக்குப் பக்கத்து ஊரான ஏஜாக்ஸில், என் மகன் லோகநாதன் வீட்டில். வீட்டில் மருமகள் துஷ்யந்தியும், துஷ்யந்தியின் அம்மா இராசமலர் டீச்சரும் இருக்கிறார்கள்.

டீச்சர் யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர். மகள் ஒரு தோட்டத்து ஆளின் மகனைக் கட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடவில்லை. அது பழைய கதை. போன வருடம் பனிக்காலத்தில் நான் கடைக் காலண்டரைத் தலைகீழாக மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "சம்பந்தி, இஞ்ச வந்து இருங்கோ" என்று மேசையில் உட்காரவைத்து அகரத்தில் தொடங்கினார். இன்றைக்கு நான் நாட்குறிப்பு எழுதுகிறேன்.

"நீங்க திருத்துவீங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"நான் பார்க்க மாட்டன். ஒருத்தரும் பார்க்கக்கூடாது. பிழையோடயே எழுதுங்கோ" என்றார்.

இன்றைய வேலை: வீட்டின் பின்வளவில் புடலங்காய்ப் பந்தல் பார்த்தேன். ஒரு காய் கொக்கி மாதிரி வளையப் பார்க்கிறது. நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். கயிறு இல்லை. கோடையில் எடுத்துவைத்த நீல வயர்த்துண்டு இருந்தது. அதுவே போதும்.

செப்டம்பர் 18

காய் நேராகிறது.

செப்டம்பர் 30

இன்று லோகு லீவு. புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட்டை அவனே மாட்டினான். அது என்னவென்று எழுதிவைக்கிறேன், பிறகு எனக்கே மறந்துவிடும். இந்தக் கோடையில் வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் அடுப்பைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் போட்டார்கள். வெளியே சுவரோரம் பெரிய விசிறி வைத்த பெட்டி. அது குளிர்காலத்தில் வெளிக்காற்றிலிருந்தே சூட்டைப் பிடித்து உள்ளே தருமாம். வெளியே பனி கொட்டும்போது அங்கே எங்கே சூடு இருக்கிறது என்று கேட்டேன். "இருக்குப்பா, நமக்குத்தான் தெரியாது" என்றான். தெர்மோஸ்டாட் அந்தப் பெட்டிக்குக் கங்காணி மாதிரி. படியடியில் சுவரில் உட்கார்ந்துகொண்டு, போதும், இன்னும் வேண்டும் என்று சொல்லும். புதியது போனோடு பேசும். வேலையிடத்திலிருந்தே லோகு வீட்டுச் சூட்டைப் பார்க்கலாம்.

முதலில் நிலவறையில் போய்க் கரண்டை நிறுத்தினான். நான் டார்ச் பிடித்தேன். பழையதைக் கழற்றி, எந்த வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று போனில் படம் எடுத்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை, செம்மஞ்சள், வெள்ளை. ஒவ்வொன்றையும் புதியதில் செருகினான். பிறகு ஒரு துளை மிச்சம் இருந்தது.

"இதுக்கு ஒரு வயர் வேணுமே. வீடியோவுல நீலம்னு சொல்றான். அநேகமா சுவத்துக்குள்ள சும்மா சுருட்டி வச்சிருப்பாங்களாம்" என்றான். விரலை விட்டுத் தேடினான். "டார்ச்ச இங்கிட்டு அடிங்கப்பா."

அடித்தேன்.

"இல்ல. நம்ம வீட்டுல அது போடவே இல்ல போல. பரவால்ல, அது இல்லாமலும் ஓடும்னு பெட்டியிலேயே போட்டிருக்கு."

கரண்டைப் போட்டதும் திரை எரிந்தது. சூடு வை என்றால் குளிர்காற்று வந்தது. டீச்சர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, இது குளிர்சாதனப் பெட்டியோ?" என்றார். துஷ்யந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். செம்மஞ்சள் வயர் எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை லோகு திரையில் மாற்றிக் கொடுத்தான். பிறகு சூடு வந்தது. எல்லோரும் தரையில் காற்று வரும் ஓட்டைக்கு மேலே கை நீட்டிப் பார்த்தோம்.

டார்ச்சை அணைத்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 1

நேற்று ஒன்றை எழுதவில்லை. நாட்குறிப்பில் எதையும் விடக்கூடாது என்று டீச்சர் சொன்னதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கோடையில் படியடிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். வயர்களுக்கு நடுவில் ஒன்று எதிலும் மாட்டாமல் சுருண்டு கிடந்தது. நீலம். தோட்டத்தில் பிறந்தவன் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் கம்பி தப்பாது. ஒரு துண்டுக் கம்பியில் வாளிக்குக் கைபிடி செய்வோம், கதவுக்குக் கொண்டி செய்வோம், பல்லுக்குக் குச்சியும் செய்வோம். செடி வெட்டும் கத்தரிக்கோலால் எட்டிய மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற விஷயமாகவே தெரியவில்லை.

ஐந்து வயரிலேயே ஓடுகிறது. அப்படியென்றால் அது தேவையில்லாததுதான்.

அக்டோபர் 9

வெயில். புடலங்காய்ப் பந்தலைப் பிரித்தேன். கடைசிக் காயை டீச்சர் பால்விட்டு வெள்ளைக்கறி வைத்தார். தமிழ்க் கடைக்குப் போனபோது வாசல் பலகையை நின்று வாசித்தேன். "உறைந்த மரவள்ளிக் கிழங்கு வந்துள்ளது." ஒருவரையும் கேட்காமல் வாசித்தேன். கிழங்கு தேவையில்லை. ஆனாலும் ஒரு பை வாங்கினேன்.

மத்தியானம் டீச்சர் லண்டனில் இருக்கும் தங்கச்சியோடு போனில் பேசினார். நான் பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கட சம்பந்தியோ? அவர் இப்ப பலகை எல்லாம் வாசிக்கிறார். நல்ல மூளை. இந்த வீட்டில ஒரு பொருளைத் தேவையில்லாமல் தொடாத ஆள் எண்டா அவர் ஒராள்தான்."

மடித்த உடுப்பை மறுபடி மடித்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒன்று இருந்தது. அதை எழுதத் தெரியவில்லை.

அக்டோபர் 21

காலையில் எழும்பியபோது வீடு ஐஸ் மாதிரி. தெர்மோஸ்டாட் திரை கறுத்துக் கிடந்தது. லோகு கழற்றி மாட்டியதும் எரிந்தது. இந்தக் கிழமையில் இது முதல் தடவை இல்லை.

சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது.

"அம்மா, நீங்கள் அதில கை வைச்சனீங்களோ?" துஷ்யந்தி கேட்டாள்.

"போன கிழமை ஒருக்காத் துடைச்சனான். கையோட கழண்டு வந்திட்டுது. திரும்ப மாட்டிப்போட்டன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. டீச்சருக்குப் பொய் வராது. பழைய தெர்மோஸ்டாட் காலத்திலும் அவர் குளிருது என்று யாருக்கும் தெரியாமல் கூட்டிவைப்பார். எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மாமி, அத தொடாதீங்க. குளிருதுன்னா சொல்லுங்க, போன்லயே கூட்டிவிடுறேன்" என்றான் லோகு. மரியாதையாகத்தான் சொன்னான்.

"நான் பிறகு தொடேல்லை தம்பி."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அக்டோபர் 27

மறுபடி அணைந்தது. லோகு வீடியோ பார்த்தான். அந்த நீல வயர் இல்லாவிட்டால் சில வீடுகளில் கரண்ட் போதாமல் இப்படி அணையுமாம். நான் டிவி பார்க்கிற மாதிரி இருந்தேன்.

"அப்ப எங்கட வீட்டிலயும் அதுதானோ?" என்று துஷ்யந்தி கேட்டாள்.

"சில வீடுகள்லதானே. இங்க மொத ரெண்டு கிழமை நல்லாத்தானே ஓடிச்சு. கை வச்ச பொறகுதான் இந்தக் கூத்து."

டீச்சர் எழும்பி மேலே போய்விட்டார். போகும்போது சால்வையை இறுக்கிப் போர்த்தினார். அது குளிருக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "டிவி சத்தத்தக் கொறைக்கவா?" என்றுதான் வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். லோகுவுக்குப் பயமில்லை, அவன் என் பிள்ளை. மருமகள் என்ன நினைப்பாள் என்று கொஞ்சம் பயம். ஆனால் உண்மை அதுவும் இல்லை. சுவருக்குள் இருந்த வயரை வெட்டிப் புடலங்காய்க்குக் கட்டியவன் என்று டீச்சருக்குத் தெரிந்தால், லண்டனுக்கு அடுத்த தடவை என்னைப் பற்றி என்ன சொல்வார்?

இதை எழுதியபிறகு வாசித்தேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது. விஷயம் கேவலமாக இருக்கிறது.

நவம்பர் 2

எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வயர் இன்னும் என்னிடம் இருக்கிறது. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை.

வழக்கமாகக் காலையில் நான் மாலுக்குள் நடக்கப் போவேன். எங்கள் வயசு ஆட்கள் அங்கே சுற்றிச் சுற்றி நடப்பார்கள். இன்று புறப்பட்டுப் போய், டீச்சர் மேலே சாமி கும்பிடும் நேரம் பார்த்துக் கராஜ் பக்கமாகத் திரும்பி வந்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். தெர்மோஸ்டாட்டைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்தது. வயரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். ஒரு நுனியைக் காலித் துளையில் செருகினேன். மறு நுனியைச் சுவர் ஓட்டைக்குள் தள்ளிவிட்டேன். பார்வைக்கு ஆறு வயரும் சரியாக இருந்தது. திரும்ப மாட்டினேன். எரிந்தது.

படிப்பலகை ஒன்று கிறீச்சிட்டது. இந்த வீட்டுப் படி சும்மாவும் கிறீச்சிடும்.

மறுபடி மாலுக்குப் போய் மூன்று சுற்று நடந்தேன். மனசு லேசாக இருந்தது. ஒரு கோப்பி வாங்கிக் குடித்தேன்.

அதே நாள், மாலை

தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றினால் தன் போனுக்குச் செய்தி வரும்படி லோகு போன கிழமை மாற்றிவைத்தானாம். அது எனக்குத் தெரியாது.

வேலை முடிந்து வந்ததும் துஷ்யந்தி சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, இண்டைக்கு வீட்டில நீங்கள் மட்டும்தானே இருந்தனீங்கள்? மாமா மாலுக்குப் போயிட்டார். அப்ப ஆர் அதைக் கழட்டினது?"

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. குக்கர் மூடியைப் பார்த்துக்கொண்டு, "ஓம். நான்தான்" என்றார்.

"ஏன்?"

"சும்மா. பார்ப்பம் எண்டு."

"சின்னப்பிள்ளைக்குச் சொன்னாலும் கேக்கும். உங்களாலதான் அம்மா இந்த வீட்டில கரைச்சல்."

"துஷி, விடு" என்றான் லோகு.

"நீங்கள் சும்மா இருங்கோ. என்ர அம்மா எண்டபடியால் நீங்கள் சொல்லாமல் இருக்கிறியள். நான்தானே சொல்லவேணும்."

டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு மேலே போனார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 3

ஒன்றும் எழுத வரவில்லை.

நவம்பர் 4

திரை மறுபடி அணைந்தது. என் வைத்தியம் பலிக்கவில்லை. வயரின் மறு நுனி எதிலும் சேரவில்லை, பிறகு எப்படிப் பலிக்கும். ஒரு பக்கம் மட்டும் மாட்டிய வயர் வயரே இல்லை என்று இந்த வயசில் தெரிந்துகொண்டேன்.

பத்து மணிக்கு டீச்சர் வழக்கம்போல மேசைக்கு வந்தார். இன்றைக்குப் பத்திரிகையில் ஒரு பத்தி வாசிக்க வேண்டும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடியது.

"என்ன சம்பந்தி, நேற்று வாசிச்ச சொல்லையே இண்டைக்கு விடுறியள்?"

"தலை வலிக்குதுங்க டீச்சர்."

"அப்ப தேத்தண்ணியக் குடியுங்கோ. பாடம் எங்கையும் போகாது."

அவர் கைவிரல்கள் நீலமாகியிருந்தன. வீடு அவ்வளவு குளிர். அந்தக் கையால்தான் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

நவம்பர் 8

டீச்சர் கனடாவின் மேற்கே கல்கரிக்குப் போகிறார். அங்கே அவர் மகன் இருக்கிறான். போன தடவை போனபோது நிலவறையில்தான் இடம் கொடுத்தார்களாம். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பேச ஆள் இல்லாமல், டிவியில் தெரியாத பாஷைக்குத் தலையாட்டிக்கொண்டு இருந்ததாக அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லிச் சிரித்தார்.

டிக்கெட்டை மகனிடம் சொல்லி எடுத்துவிட்டார். துஷ்யந்தியிடம் பிறகுதான் சொன்னார்.

"கோவிச்சுக்கொண்டு போறியளோ?"

"கோவம் என்ன. அவனையும் பார்க்கத்தானே வேணும்."

துஷ்யந்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுத சத்தம் கேட்டது. தாயும் மகளும் ஒரு வீட்டில் இரண்டு கதவுக்குப் பின்னால். நடுவில் நான், கையில் பத்திரிகையோடு. இப்போது எனக்கு அதை வாசிக்கத் தெரியும். வேறு என்ன தெரியும்?

நவம்பர் 11

இன்றைக்குச் சொன்னேன்.

எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். டீச்சர் ஹாலில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் லோகுவிடம், "கீழ போயிக் கரண்ட்ட நிப்பாட்டுப்பா" என்றேன்.

"ஏம்ப்பா?"

"நிப்பாட்டிட்டு வா."

அவன் வந்ததும் தெர்மோஸ்டாட்டை இழுத்துக் கழற்றினேன். நீல வயரைப் பிடித்து இழுத்தேன். சுவரோடு ஒட்டு உறவில்லாமல் கையோடு வந்தது. மேசையில் வைத்தேன்.

"கோடையில நான்தான் வெட்டுனேன். புடலங்காய்க்குக் கல்லு கட்டுனது அதுலதான். நீ தேடுனப்ப பக்கத்துலதான் டார்ச் புடிச்சிக்கிட்டு நின்னேன். அன்னைக்குக் கழட்டுனதும் நான்தான். திரும்பச் சொருகி வச்சிரலாம்னு பாத்தேன். டீச்சர் கழட்டல."

லோகு அந்த வயரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கல் கட்டிய இடத்தில் இன்னும் முறுக்கு இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. துஷ்யந்தி முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

துஷ்யந்தி என்னைப் பார்த்தாள். அவள் வாய்வரைக்கும் ஒன்று வந்தது. எனக்குத் தெரிந்தது. அவள் அதை விழுங்கினாள். "பரவாயில்லை மாமா" என்றாள். அந்தப் பரவாயில்லை, டீச்சருக்குக் கிடைத்த திட்டைவிடக் குளிராக இருந்தது.

பிறகு தாயிடம் திரும்பினாள். "நீங்கள் செய்யாததை ஏன் அம்மா செய்தன் எண்டு சொன்னனீங்கள்?"

டீச்சர் சேலையை மடித்துக்கொண்டே பேசினார். "அவர் சுவரடியில நிண்டு அக்கம்பக்கம் பார்த்துப் பார்த்து வயரைச் சொருகினதை நான் மேலையிருந்து பார்த்தனான். சொல்லியிருந்தா நீ அவரை ஏசிப் பேசியிருப்பாய்."

"அதுக்கு? இப்ப உங்களையெல்லே பேசினன்."

"நீ என்னைப் பேசலாம். நான் பெத்தனான். பேசிப்போட்டு ராவைக்குச் சாப்பிட்டனீங்களோ எண்டு கேப்பாய், அதோட முடிஞ்சுது. மருமகள் மாமனைப் பேசினா அது முடியாது பிள்ளை. அந்த மனுசன் பிறகு இந்த வீட்டில தண்ணியும் கேட்டுத்தான் குடிப்பார்."

துஷ்யந்தி தாயின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். "போகாதேங்கோ அம்மா" என்றாள்.

"டிக்கெட் எடுத்தாச்சு. அவன் அங்க அறை ஒதுக்கிப்போட்டான். வராட்டி அவனுக்கும் மனம் நோகும்." மகளின் தலையைத் தடவினார். "நீ சொன்ன சொல்லுக்காகப் போகேல்லை. ஆனா அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு கொஞ்ச நாள் தள்ளி இருக்கிறது எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எழும்பினேன். "இருங்கோ சம்பந்தி, அந்த ஊசிப்பெட்டியை எடுத்துத் தாங்கோ" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 12

லோகு சுவர் ஓட்டையிலிருந்து வயர்க் கட்டை மெதுவாக இழுத்தான். உள்ளே மிச்சம் இருந்த நீலம் கொஞ்சம் வெளியே வந்தது. தோலை உரித்துத் துளையில் செருகினான். பிறகு நிலவறையில் அந்தப் பக்கத்து நுனியையும் தேடிப் பிடித்து மாட்டினான். ஒரு மணி நேர வேலை. திரை பளிச்சென்று எரிகிறது. அணையவே இல்லை.

இன்றைக்குத்தான் வீடு முழுக்கச் சூடாக இருக்கிறது. டீச்சர் சால்வையில்லாமல் உட்கார்ந்து இட்லிக்கு உளுந்து பார்த்தார். நாளை மறுநாள் பயணம்.

நவம்பர் 14

விமான நிலையத்துக்கு நானும் போனேன். வழியில் தெரிந்த பலகைகளில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு போனேன்.

உள்ளே போகும் முன் டீச்சர் என்னிடம், "பத்திரிகையில ஒரு நாளைக்கு ஒரு பத்தி. விடக்கூடாது" என்றார்.

"எப்ப வருவீங்க டீச்சர்?"

"பாப்பம்" என்றார்.

டீச்சருக்குப் பொய் வராது. எனக்காக ஒரு தடவை சொன்னார். இந்தப் "பாப்பம்" பொய்யா இல்லையா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

டிசம்பர் 1

பனி. வாசல் பனியை அள்ளினேன். பத்திரிகையில் ஒரு பத்தி வாசித்தேன், உருளைக்கிழங்கு விலை பற்றி. துஷ்யந்தி என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். சாப்பிட்டீங்களோ மாமா, மருந்து எடுத்தீங்களோ மாமா. எல்லாம் கேட்கிறாள். எனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அவள் சமையலறையை விட்டு வரும்வரை பொறுத்துப் போய்க் குடிக்கிறேன்.

டீச்சர் போனில் கூப்பிட்டார்.

"வீடு சூடாயிருக்கோ சம்பந்தி?"

"நல்ல சூடுங்க. அங்க?"

"நிலவறைதானே. கால்தான் கொஞ்சம் விறைக்குது. காலுக்குக் கம்பளி மேஸ் போட்டுக்கொள்ளுறன். பத்தி வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சேங்க."

"பிழையில்லாமலோ?"

"ரெண்டு எடத்துல தடக்குச்சு."

"அப்ப நாளைக்கும் அதையே வாசியுங்கோ" என்று வைத்துவிட்டார்.

பின்னேரம் லோகு சொன்னான், "மாமி ரூமுல ஆள் இல்லையேப்பா. சும்மா எதுக்கு அங்க சூடு? தரையில இருக்கிற காத்து ஓட்டைய மூடிட்டு, கதவையும் சாத்திருங்க."

சரியான பேச்சு. மேலே போய் மூடினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து தேநீர் குடித்தேன். பாதியில் வைத்துவிட்டுத் திரும்பப் போனேன். குனிந்து, அந்த ஓட்டையைத் திறந்துவிட்டேன். சூடு வந்தது. யாருமில்லாத கட்டிலைத் தாண்டி, ஜன்னல் சீலையை மெல்ல அசைத்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கதவைத் திறந்தே வைத்துவிட்டு இறங்கினேன்.

இது மட்டும் லோகுவின் போனில் தெரியாது.